இருபது ரூபாய்த் தாள்களுக்கு நடுவே ஒரு மீன்

கேள்வி: கல்முனை – மட்டக்களப்பு பாதையில் தனியார் பஸ் ஒன்றில் நடத்துநராக இருக்கிறேன். சென்ற மாதம் ஓர் இரவு அன்றைய வசூலை எண்ணும்போது, இரண்டு 20 ரூபாய்த் தாள்களுக்கு நடுவே சிவப்பு நிற 2 ரூபாய்த் தாள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மீன் படம் போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'சிலோன்' என்று இருக்கிறது. பெரியநீலாவணையில் ஏறும் ஒரு வயதான அம்மாதான் காசை அப்படி இறுக்கி மடித்துத் தருவார், அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். படத்தை முகநூலில் போட்டேன். வெள்ளைக்காரர் காலத்துத் தாள், ஒன்றரை இலட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் எழுதினார். முதலில் 7,500 ரூபாய் பதிவுக் கட்டணம் அனுப்பச் சொல்கிறார். தாளின் ஓரத்தில் சிறு கிழிசல் இருக்கிறது. ஒட்டி லேமினேட் செய்து வைக்கலாமா? 786 என்று முடியும் 100 ரூபாய்த் தாள் ஒன்றும், 2009ஆம் ஆண்டின் 1,000 ரூபாய்த் தாள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. இன்னும் எந்தத் தாள்களைக் கவனிக்க வேண்டும்? — கோட்டைக்கல்லாறு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த 7,500 ரூபாயை அனுப்பாதீர்கள். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் ஆறுதலாகப் பதில் சொல்கிறேன், இதற்கு மட்டும் இந்த வரியிலேயே பதில். பொருளை வாங்குகிறவர்தான் காசு தர வேண்டும். பழைய தாளை விற்கப் பதிவுக் கட்டணம், வரி, காப்புறுதி, அனுப்பும் செலவு என்று எந்தப் பெயரில் முற்பணம் கேட்டாலும் அவருக்கு வேண்டியது உங்கள் தாளல்ல, உங்கள் 7,500 ரூபாய்தான். அதை அனுப்பினால் அடுத்த நாள் இன்னொரு கட்டணம் வரும். இந்தியாவில் இது எவ்வளவு பரவியது என்றால், தங்கள் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்துக்கும் தாளுக்கும் கட்டணம் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று அந்நாட்டு ரிசர்வ் வங்கியே 2021இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த மனிதருடைய எண்ணை இன்றே தடை செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கு விவரமோ அடையாள அட்டையின் படமோ அனுப்பியிருந்தால் உடனே உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள்.

இனித் தாளுக்கு வருவோம். 'சிலோன்' என்ற சொல்தான் உங்களையும் குழப்பியிருக்கிறது. என்னிடம் தாள் கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வெள்ளையர் ஆட்சி 1948இல் முடிந்தது. மத்திய வங்கி 1950இல் தொடங்கியது. நாடு 1972இல் குடியரசாகி ஆங்கிலத்தில் 'சிறீலங்கா' ஆனது. ஆனால் வங்கியின் பெயர் 1985 வரை மாறவில்லை. ஆகவே 1972க்குப் பிறகும் பல ஆண்டுகள் நம் தாள்களில் ஆங்கிலத்தில் பழைய பெயரே அச்சானது. தமிழில் படிக்கிற நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் வரியில் அன்றும் 'இலங்கை மத்திய வங்கி', இன்றும் 'இலங்கை மத்திய வங்கி'. நம் மொழியில் நாட்டின் பெயர் மாறாததால், தமிழ் வரியை வைத்துத் தாளின் வயதைச் சொல்லிவிட முடியாது. திகதியைத்தான் தேட வேண்டும்.

சிவப்பில் மீன் போட்ட 2 ரூபாய் என்றால் உங்கள் தாளில் 1979 மார்ச் 26 என்று திகதி இருக்கும். ஓவியர் லக்கி சேனாநாயக்க வரைந்த தாவர, விலங்குத் தொடர் அது. 2 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை ஆறு தாள்கள், மன்னர் இல்லை, தலைவர் இல்லை, எல்லாம் மீனும் பறவையும் பூச்சியும் செடிகொடியும். தாளைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் கிடையாக இருக்கும், பின்பக்கம் நெடுக்காக நிற்கும். அந்தப் பின்பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியும் ஒரு பல்லியினமும் இருக்கும். நம் நாடு அச்சிட்ட தாள்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமான தொடர் இது. விலைக்காகச் சொல்லவில்லை. காசில் ஒரு பல்லியை வரையலாம் என்று ஒருவர் நினைத்தாரே, அந்த நினைப்புக்காகச் சொல்கிறேன்.

விலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பலர் கை பட்டு, மடிந்து, ஓரம் கிழிந்த 1979ஆம் ஆண்டின் 2 ரூபாய்த் தாளுக்குச் சேகரிப்பவர்கள் சில நூறு ரூபாய்க்கு மேல் தருவதில்லை. ஒன்றரை இலட்சம் என்பது வெறும் பேச்சு. தாள் பழையதாகிவிட்டால் விலை ஏறிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எத்தனை அச்சிட்டார்கள், எத்தனை மிஞ்சியிருக்கின்றன, மிஞ்சியது எந்த நிலையில் இருக்கிறது, அதை வேண்டுமென்று தேடுகிறவர் எத்தனை பேர், இவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. வயது அதற்குப் பிறகுதான்.

நிலை என்று நான் சொல்வதை நீங்களே பார்க்கலாம். காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலருகே நின்று, தாளைக் கண்ணுக்கு நேரே தூக்காமல், மேசைப் பலகையைப் பார்ப்பதுபோலக் கண்மட்டத்தில் தட்டையாகப் பிடியுங்கள். மடிப்புகள் வரப்புகள்போலத் தெரியும். நடுவில் ஒரு மடிப்பு மட்டும் என்றால் அது நல்ல தாள். அந்த அம்மா மடித்ததுபோல எட்டாக மடித்தது என்றால், வரப்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் மை உதிர்ந்து நார் வெளுத்திருக்கும். பிறகு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சரியாக நடுவில், மடிப்புகள் குறுக்கிடும் இடத்தில், கடுகளவில் ஒரு துளை ஒளிரும். அதே வெளிச்சத்தில் நீர்க்குறியும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது கலர்ப் பிரதி. ஒரு மடிப்பும் இல்லாமல் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்கும் தாளுக்கும் உங்களுடையதற்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் வரும். திகதி ஒன்று, கையொப்பம் ஒன்று, படம் ஒன்று, ஆனால் விலை மட்டும் வேறு.

ஒட்டலாமா, லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். ஏன் என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். தாய் கையில் ஒரு துணிப்பொதி. பிரித்தால் உள்ளே இராணி எலிசபெத்தின் படம் போட்ட 10 ரூபாய்த் தாள், 1950களில் வெளிவந்தது. அவருடைய தகப்பனார் வயல் விற்ற காசில் ஒன்றை மட்டும் எடுத்துப் பெட்டகத்தின் அடித்தட்டில் வைத்திருந்தாராம். ஒரு மடிப்புத்தான். மை அப்படியே இருந்தது. ஆனால் அதன்மேல் கண்ணாடிபோல் பளபளவென்று பிளாஸ்டிக். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, வருவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் மகன் கடையில் கொடுத்து லேமினேட் செய்திருந்தான். அந்தச் சூட்டில் பசை உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். உரித்தால் இராணியின் முகமும் சேர்ந்து உரிந்து வரும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டகம் காத்ததை இரண்டு நிமிடத்தில் ஓர் இயந்திரம் முடித்துவிட்டது. அந்தப் பையனின் முகத்தைப் பார்த்து என்னால் அதைச் சொல்லவே முடியவில்லை, தாயிடம்தான் சொன்னேன். ஒட்டுநாடாவும் அப்படித்தான். இன்று தெளிவாக இருக்கும், சில ஆண்டுகளில் தேன் நிறமாகிக் கறையாக இறங்கும். கழுவுவதும், கஞ்சி போட்டு இஸ்திரி பிடிப்பதும் இன்னும் மோசம். நல்ல தாள்களில் செதுக்கச்சு மை மேடுதட்டி நிற்கும், விரல் நுனிக்கு அது தெரியும். இஸ்திரி அந்த மேட்டைத் தட்டையாக்கிவிடும். பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும், விலையும் உடனே விழும். உங்கள் தாளின் கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும்.

வைப்பதற்கு முத்திரை சேகரிப்பவர்கள் வாங்கும் பொலியெஸ்டர் உறை நல்லது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெதுமெதுப்பான பிளாஸ்டிக் உறையை முகர்ந்து பாருங்கள். புதுச் செருப்பு வாசனை வந்தால் அது பிவிசி. நாளடைவில் அது பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும். நல்ல உறை கிடைக்கும்வரை, தடித்த வெள்ளைக் கடதாசி இரண்டுக்கு நடுவே வைத்து ஒரு புத்தகத்துக்குள் வையுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், அது தானும் மஞ்சளாகிப் பக்கத்தில் உள்ளதையும் மஞ்சளாக்கும். கோட்டைக்கல்லாற்றில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உங்கள் வீட்டுச் சுவர் மாரியில் எப்படி வியர்க்கும் என்று எனக்குத் தெரியும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், தாளை அதன் மேல்தட்டில் வைத்து, மாதம் ஒருமுறை திறந்து, கடதாசியைத் தின்னும் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்தவன். நடத்துநர் ஒருவரிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய தாள் வங்கிக்குள் வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அழுக்கு, கிழிசல், பழசு என்று பிரித்துக் கட்டி மத்திய வங்கிக்கு அனுப்புவோம், அங்கே அவை அழிக்கப்படும். என் இளவயதில் நானே அப்படிக் கட்டி அனுப்பியவற்றில் என்னவெல்லாம் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அறியாமல் செய்தேன். ஆகவே ஒரு பழைய தாள் இன்று உங்கள் பைக்குள் விழுகிறது என்றால், அது இத்தனை ஆண்டுகளாக ஒரு வங்கியையும் மிதிக்கவில்லை என்று பொருள். கொட்டைப்பெட்டியில், சேலை முடிச்சில், சாமிப்படத்துக்குப் பின்னால், நேர்த்திக்கு முடிந்துவைத்த மஞ்சள் துணியில் இருந்திருக்கும். அந்த வீட்டில் ஏதோ ஒரு தேவை வந்த நாளில் வெளியே வந்திருக்கும். அப்படி வெளியே வருகிற தாள் முதலில் தொடுவது சந்தைக் கடையையும் பஸ் நடத்துநரையும்தான்.

எங்கள் கரையில் அப்படி மிஞ்சியது அதிகமில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரைகளோடு போனவை உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடியிலும் நாவலடியிலும் பெட்டகங்களே போயின. இடையில் போரில் எத்தனை தடவை கைப்பையோடு மட்டும் ஓடினோம். சந்தை இதையெல்லாம் கணக்கில் எடுக்காது. பெரியநீலாவணையில் மிஞ்சிய 2 ரூபாய்க்கும் கொழும்பில் மிஞ்சிய 2 ரூபாய்க்கும் அது ஒரே விலைதான் சொல்லும். எனக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

உங்களிடம் உள்ள மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் 1,000 ரூபாய், போர் முடிந்ததை ஒட்டி அன்றைய ஜனாதிபதியின் படத்தோடு வந்தது. நினைவுத் தாள் என்று நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் எடுத்து வைத்த பொருள் அரிதாகாது. கசங்கிய தாளென்றால் அது 1,000 ரூபாய்தான். வைத்திருப்பதும் செலவழிப்பதும் உங்கள் மனத்தைப் பொறுத்தது. 786இல் முடியும் 100 ரூபாயைக் காத்தான்குடியிலோ மருதமுனையிலோ முஸ்லிம் ஒருவர் 'பிஸ்மில்லா' எண் என்று ஆசையோடு கேட்டால் கொடுத்து மகிழுங்கள். ஆயிரம் தாளுக்கு ஒன்று அப்படி முடியும், அதற்கு இலட்சம் தருவதாகச் சொல்பவரும் உங்கள் முகநூல் நண்பரின் கூட்டாளிதான். ஆறு இலக்கமும் சேர்ந்து 000786 என்று இருந்தாலோ, ஆறும் ஒரே இலக்கமாக இருந்தாலோ, 000001 போலத் தொடக்க எண்ணாக இருந்தாலோ அது வேறு கதை. அவற்றைத் தேடுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

பஸ்ஸில் என் கண் முதலில் போகும் இடம் அச்சுப் பிழை. எண் ஒரு பக்கம் விழாமல் போனது, வெட்டு கோணலாகிப் பக்கத்துத் தாளின் விளிம்பும் சேர்ந்து வந்தது, ஒரு நிறம் முழுக்க விடுபட்டது, இவற்றை மாற்றுக்காசாகக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்தது பொலிமர் 200 ரூபாய். சுதந்திரத்தின் பொன்விழாவுக்காக 1998இல் வந்தது, 200 ரூபாய் என்ற பெறுமதியில் நாடு வெளியிட்ட தாள் அது ஒன்றுதான். கள்ளத்தாள் என்று சொல்லிப் பல கடைக்காரர்கள் அதைத் திருப்பிக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். உங்களிடம் வந்தால் 200 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், நட்டமில்லை. 10 ரூபாய்த் தாளின் இடத்தை நாணயம் பிடித்துக்கொண்டதால், மடியாத 10 ரூபாய் வந்தால் அதையும் எடுத்து வையுங்கள். ஒன்றை எடுத்தால் அதே பெறுமதிக்கு உங்கள் காசை வைத்து அன்றைய கணக்கை முதலாளிக்கு முன்னால் நேராக்கிவிடுங்கள். இதை நீங்கள் கேட்கவில்லை, காசாளர் பழக்கத்தில் சொல்கிறேன்.

உங்கள் பழக்கம் ஊரில் தெரியவந்தால் வீட்டில் உள்ளவற்றையும் கொண்டுவந்து காட்டுவார்கள். அப்போது இரண்டு விடயங்கள் உதவும். 1970 ஒக்டோபரில், நிதியமைச்சர் என். எம். பெரேராவின் காலத்தில், பதுக்கிய பணத்தை வெளியே கொண்டுவர 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாதவையாக்கினார்கள். கொடுத்த சில நாள் தவணைக்குள் வங்கிக்குக் கொண்டுபோகாதவை வெறும் கடதாசியாயின. செய்தி தெரியாமல் இருந்தவர், தெரிந்தும் கணக்குக் காட்டப் பயந்தவர், எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டு இறந்தவர் என்று பலருடைய காசு அப்படி நின்றுபோனது. அன்று பலர் அழுதார்கள். இன்று அந்த நிலையில் ஒரு தாள் பெட்டகத்தில் கிடைத்தால், கடையில் அதற்கு மதிப்பில்லை, சேகரிப்பவரிடம் நல்ல மதிப்பு உண்டு. 'செல்லாக்காசு' என்று கிழித்துப் போட விடாதீர்கள். இன்னொன்று, உலகப்போர்க் காலத்தில் உலோகம் தட்டுப்பட்டபோது 1942இல் வெளியிட்ட சதத் தாள்கள். அவற்றில் 5 சதத் தாள் ஓர் அதிசயம். 2 சதமும் 3 சதமும் முத்திரைபோல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நடுவே துளைக்கோடு. மீதி கொடுக்க வேண்டுமென்றால் கடைக்காரர் அந்தக் கோட்டில் கிழித்து ஒரு துண்டைக் கொடுப்பார். ஆகவே 2 சதத் துண்டு மட்டும் கிடைத்தால் அதைக் கிழிந்த தாள் என்று எண்ணாதீர்கள், அது தன் வேலையை முறையாகச் செய்து முடித்த தாள். இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்க விரும்பினால், கொழும்புக்குப் போகும்போது கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். உண்மைத் தாளை ஒருமுறை பார்த்த கண் பிறகு ஏமாறாது.

எப்போதாவது விற்பதென்றால் ஒருவர் சொன்ன விலையில் விற்காதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். தாளைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், விலை சொல்ல வேண்டுமென்றால் உங்கள் முன்னால் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசியாக அந்த அம்மா. யாருடைய தாள் என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் அவரைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் பஸ் கட்டணமாகக் கொடுத்தது 20 ரூபாய்த் தாள்களை. நடுவில் ஒட்டிக்கொண்டு வந்ததை அவர் கொடுக்கவில்லை, அது தவறி வந்தது. பெறுமதி சில நூறு ரூபாய்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது. அதனால் கேட்பதும் எளிதாகிவிட்டது. இலட்சம் என்று நம்பிக்கொண்டிருந்தால் உங்களுக்கும் கடினமாக இருந்திருக்கும்.

தாளைப் புத்தகத்துக்குள் வைத்தபடியே கொண்டுபோங்கள். பெரியநீலாவணையில் அவர் ஏறி அமர்ந்ததும், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, "அம்மா, இது உங்களுடையதா?" என்று காட்டுங்கள். ஆம் என்று வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடுங்கள், லேமினேட் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். நீயே வைத்துக்கொள் மகன் என்று சொன்னால், எங்கே இருந்தது, யார் வைத்தது, எத்தனை காலமாக என்று கேளுங்கள். சொல்வதை அன்றிரவே ஒரு துண்டு வெள்ளைக் கடதாசியில், திகதியும் ஊரும் சேர்த்து, பென்சிலால் எழுதித் தாளோடு வையுங்கள். பேனா வேண்டாம், மை பரவும். அந்தத் துண்டில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.